"ஆன்ட்டி, நானும் விபிஎஸ் வரட்டுமா?" – வாசகர் கேள்வி பதில்

மே மாசம் நெருங்குதுன்னா எனக்கு வர்ற லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான். பக்கத்து வீடு, எதிர் வீடு, மேல் ஃப்ளாட். இந்த தடவை அதை மட்டும் தனியா பிரிச்சு பதில் எழுதுறேன், உபவாச ஜெபம் பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பேரு போடல, ஏரியா மட்டும்தான், ஏன்னா சிலர் எழுதினது அவங்க வீட்லயே தெரியாதாம்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல நாங்க ஒரே கிறிஸ்டியன் ஃபேமிலி. எதிர் ஃப்ளாட்ல ரெண்டு பசங்க, மூணாவதும் ஒண்ணாவதும் படிக்கிறாங்க, என் பொண்ணுக்கு உயிர் ஃப்ரெண்ட்ஸ். போன வருஷம் எங்க சர்ச் விபிஎஸ்க்கு (லீவுல பிள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் ஸ்கூல்) கூட்டிட்டுப் போனேன். அவங்க அம்மாகிட்ட "கேம்ஸ், கிராஃப்ட் எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். பசங்க வீட்டுக்குப் போய் ஆக்‌ஷன் சாங் பாடி, மனப்பாட வசனத்த ஒப்பிச்சு, அது தாத்தா காதுல விழுந்து பெரிய சண்டையாயிடுச்சு. இப்ப சின்னவன் வந்து "ஆன்ட்டி, நானும் இந்த வருஷம் வரட்டுமா"ன்னு கேக்குறான். என்ன சொல்றது? – கொளத்தூர் வாசகி

பதில்: அவன்கிட்ட "அம்மாவ கேட்டுட்டு சொல்றேன்டா"ன்னு மட்டும் சொல்லுங்க, மீதி பேச்சு எல்லாம் அவங்க அம்மாகிட்ட. கேம்ஸும் கிராஃப்ட்டும் இருக்குன்னு நீங்க சொன்னது பொய் இல்லம்மா, ஆனா பாதிய சொல்லிட்டு பாதிய முழுங்கிட்டீங்க. அந்த தாத்தாவுக்கு இயேசு மேல கோவம்னு நினைக்காதீங்க, எங்க பேரனுங்கள எங்ககிட்ட சொல்லாம ஏதோ பண்ணிட்டாங்கன்னுதான் கோவம். உங்க பொண்ண யாராவது டான்ஸ் கிளாஸ்னு கூட்டிட்டுப் போய் வேற ஒரு மத கிளாஸ்ல உக்கார வச்சிருந்தா நீங்க பாஸ்டர் வரைக்கும் போயிருப்பீங்க, இல்லையா.

இந்த வருஷம் இப்படி பண்ணிப் பாருங்க. விபிஎஸ் பிள்ளைங்க புக்கை சர்ச்ல முன்னாடியே வாங்கிட்டு நேரா எதிர் வீட்டுக்குப் போங்க, அம்மாவும் அப்பாவும் ரெண்டு பேரும் இருக்கிற நேரமா பாத்து. சோஃபால உக்காந்து பக்கம் பக்கமா காட்டுங்க. இது யோனா கதை, இது சக்கேயு கதை, தினம் ஒரு வசனம் மனப்பாடம், பாட்டு முழுக்க இயேசுவைப் பத்திதான், ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஜெபம் இருக்கும். காலைல எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு விடுவாங்க, வேன்ல கூட யார் வர்றாங்க, கிளாஸ் டீச்சர் யாரு, நடுவுல என்ன திங்கக் குடுப்பாங்க எல்லாத்தையும் சொல்லுங்க. கடைசியா, "உங்களுக்கு சரின்னு பட்டா அனுப்புங்க, இல்லன்னா பரவால்ல, சாயங்காலம் எப்பவும் போல மொட்டை மாடில மூணு பேரும் விளையாடட்டும்"னு சொல்லிட்டு காபிய குடிச்சிட்டு வந்துடுங்க. அந்த கடைசி வார்த்தைய நீங்க நிஜமாவே காப்பாத்தணும், அதுதான் முக்கியம். அவங்க வேணாம்னு சொன்ன அடுத்த நாளே உங்க மூஞ்சி மாறுச்சுன்னா மொத்தமும் போச்சு. தாத்தாகிட்டயும் தனியா ஒரு வார்த்தை, "போன வருஷம் முழுசா சொல்லாம கூட்டிட்டுப் போனது சரியில்லங்க ஐயா"ன்னு. பெரியவங்க அதுக்கே பாதி இறங்கி வந்துடுவாங்க.

இத எழுதும்போதே எனக்குத் தெரியும், யாராவது மத்தேயு 19:14 எடுத்துக் காட்டுவீங்க, "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்". சரி, அதுக்கு மேல 13-வது வசனத்தையும் வாசிங்களேன். அந்தப் பிள்ளைங்கள யாரோ அவர்கிட்ட கொண்டு வந்தாங்க, அவர் கை வச்சு ஜெபிக்கணும்னு ஆசைப்பட்டுக் கொண்டு வந்தாங்க. தடுத்தது சீஷர்கள்தான். வீட்டுக்குத் தெரியாம எந்தப் பிள்ளையும் அங்க வந்து நின்னதா எழுதல.

இன்னொண்ணு, இது வாசகிக்கு இல்ல, விபிஎஸ் டீச்சருங்களுக்கு. கடைசி நாள் "எல்லாரும் கண்ண மூடுங்க, இயேசுவ ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு சொல்லி கை எண்ணி, ஞாயித்துக்கிழமை ஆராதனைல நம்பர் வாசிக்கிறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஏழு வயசுப் பிள்ளை இன்னொரு கிளாஸ் ரஸ்னா யாருக்கு வேணும்னாலும் அதே கையத்தான் தூக்கும். நரகத்துல நெருப்பு எரியிற படத்த காட்டி பயமுறுத்துறதும் வேணாம். முக்கியமா அந்தப் பிள்ளை வீட்ல கும்பிடுற சாமிய பத்தி ஒரு வார்த்தை கூட கேலியா வரக்கூடாது, ஏன்னா அது நேரா வீட்டுக்குப் போய் பூஜை ரூம்ல விளக்கேத்திட்டிருக்கிற பாட்டிகிட்ட அப்படியே சொல்லும், மிஸ் சொன்னாங்கன்னு சொல்லும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கும் பெத்தவங்கள கேக்கணும். எந்த வாலண்டியரும் ஒரு பிள்ளையோட தனி ரூம்ல இருக்கக்கூடாது, எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர். 2012ல போக்சோ சட்டம் வந்தே இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் சில சபைல "நம்ம ஊழியக்காரர்தானே"ன்னு விட்டுடுறாங்க. குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098ஐ கிளாஸ் சுவத்துல பெருசா எழுதி ஒட்டுங்க.

கேள்வி: பக்கத்து வீட்டு ரெண்டாங்கிளாஸ் பாப்பா எங்க ஹால்ல இருக்கிற படத்த பாத்துட்டு "உங்க சாமிய ஏன் ஆணி அடிச்சு வச்சிருக்காங்க, வலிக்காதா"ன்னு கேட்டுடுச்சு. எனக்கு சட்டுனு பதில் வரல. – பெரம்பூர் வாசகர்

பதில்: "வலிச்சிருக்கும்டா"ன்னு சொல்லுங்க. "அவர் யாருக்கும் கெட்டது பண்ணல, ஆனா அவர பிடிக்காதவங்க அப்படி பண்ணிட்டாங்க, அப்பக்கூட அவர் அவங்கள மன்னிச்சிட்டாரு, மூணாம் நாள் உயிரோட எழுந்துட்டாரு, அதனாலதான் நாங்க அவர கும்பிடுறோம்." அவ்ளோதான், ரெண்டாங்கிளாசுக்கு இது போதும். பாவம், பரிகாரம், கிருபைன்னு ஆரம்பிச்சீங்கன்னா பாப்பா எழுந்து போய் டிவி போட்டுடும். குழந்தை கேட்டா கேட்டதுக்கு பதில் சொல்லலாம், அதுல ஒளிவு மறைவு தேவையில்ல, ஆனா கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாதீங்க. சாயங்காலம் அவங்க அம்மாவ பாத்தா "பாப்பா இப்படி கேட்டா, நான் இப்படி சொன்னேன்"னு சொல்லிடுங்க, அவங்களும் சிரிப்பாங்க.

கேள்வி: வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல எங்க சபை வாலிபர் ஐக்கியம் மூலமா சாயங்காலம் ஃப்ரீ டியூஷன் நடத்துறோம். மேத்ஸ், சயின்ஸ் நல்லா போகுது, பிள்ளைங்க நிறைய. இப்ப கமிட்டில ஒரு பெரியவர், டியூஷனுக்கு முன்னாடி ஜெபம் கட்டாயம், ஞாயித்துக்கிழமை சண்டே கிளாஸ் வந்தாத்தான் நோட்டு புக் ஃப்ரீன்னு ரூல் போடணும்ங்கிறாரு. இல்லன்னா இது ஊழியமே இல்லையாம். – ஒரு டியூஷன் அண்ணன்

பதில்: தம்பி, அந்த ரூல் மட்டும் வேணாம்.

சண்டே ஸ்கூல்னு ஒண்ணு பெருசா பரவினதே எதனால தெரியுமா? இங்கிலாந்துல குளோஸ்டர் ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ் 1780ல ஆரம்பிச்சப்போ அங்க வந்த பிள்ளைங்க வாரம் முழுக்க வேலைக்குப் போற ஏழைப் பிள்ளைங்க, ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் லீவு, அதனால அன்னைக்கு எழுதப் படிக்க சொல்லிக் குடுத்தாங்க. பைபிளும் இருந்துச்சு, ஆனா அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியணுங்கிறதும் அதே அளவு முக்கியமா இருந்துச்சு. நம்ம ஊரையே எடுத்துக்கோங்க, 1837ல சின்ன ஸ்கூலா ஆரம்பிச்சு அப்புறம் 1937ல தாம்பரத்துக்குப் போன மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்ச இந்துப் பிள்ளைங்க, முஸ்லிம் பிள்ளைங்க எத்தனை தலைமுறை. அவங்க எல்லாம் மதம் மாறினாங்களா? இல்ல. ஆனா இன்னைக்கும் அந்த காலேஜ் பேர சொன்னா ஒரு மரியாதை இருக்குல்ல.

சட்டத்தையும் பாத்துக்கோங்க. அரசியல் சாசனம் 25வது பிரிவு மதத்த பின்பத்தவும் பரப்பவும் உரிமை குடுக்குது, அது உண்மை. ஆனா 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, உன் மதத்த எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருத்தர மாத்துற உரிமைன்னு தனியா ஒண்ணு கிடையாதுன்னு. 28வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற கல்வி நிலையத்துல மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ ஒரு பிள்ளைய உக்கார வைக்கணும்னா சம்மதம் வேணும், மைனரா இருந்தா கார்டியனோட சம்மதம். உங்க டியூஷன் சென்டர் அந்த லிஸ்ட்ல வராதுதான், ஆனா பெரிய பெரிய ஸ்கூலுக்கே அந்த அளவுகோல் இருக்கும்போது மாடிப்படி கீழ நடத்துற நாம அதுக்கும் கீழ போலாமா?

நோட்டு புக் விஷயம் இன்னும் மோசம். "அரிசி மூட்டைக்கு மாறினவங்க"ன்னு நம்மள திட்டுறப்போ நமக்கு எவ்ளோ எரியுது, நம்ம தாத்தா பாட்டிங்க சுயமரியாதைக்காகவும் விசுவாசத்துக்காகவும் எடுத்த முடிவ ஒரே வார்த்தைல கேவலப்படுத்துறாங்கன்னு. அப்புறம் நாமளே 80 பக்க நோட்டுக்கு கண்டிஷன் போட்டா அந்த வசவுக்கு நாமளே ரசீது குடுத்த மாதிரி ஆகாதா. நோட்டு எல்லாருக்கும் குடுங்க. டியூஷன் டைம்ல டியூஷன் மட்டும். ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்குன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க, வர்ற பிள்ளை அம்மா அப்பா கையெழுத்தோட வரட்டும். வராத பிள்ளைக்கும் அல்ஜீப்ரா அதே பொறுமையோட சொல்லிக் குடுக்கணும், அதுக்குத்தான் உண்மைல ஜெபம் வேணும். கமிட்டிப் பெரியவருக்கு இந்தப் பக்கத்த கட் பண்ணிக் குடுங்க, என்ன திட்டட்டும், உங்கள விட்டுடட்டும்.

கேள்வி: பிள்ளையார் சதுர்த்திக்கு கீழ் வீட்டு அக்கா கொழுக்கட்டை குடுக்குறாங்க. என் மாமியார் அப்படியே டஸ்ட்பின்ல போடச் சொல்றாங்க. கிறிஸ்துமஸ்க்கு நாம குடுக்குற கேக்கும் கல்கலும் மட்டும் அவங்க வாங்கி சாப்பிடுறாங்களே, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. – அயனாவரம் வாசகி

பதில்: ஒரு மாதிரியா இருக்கிறது நல்ல மனசாட்சிக்கு அடையாளம்தான். மாமியாரையும் உடனே தப்பா நினைக்க வேணாம், அவங்க படிச்ச வேதத்துலயும் அது இருக்கு. 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்துல பவுல் ரெண்டையும் சொல்றாரு, விருந்துக்குக் கூப்பிட்டா எதையும் விசாரிக்காம முன்னாடி வச்சத சாப்பிடுங்கங்கிறாரு, இது படைச்சதுன்னு ஒருத்தர் சொன்னா அவர் மனசாட்சிக்காக சாப்பிடாதீங்கன்னும் சொல்றாரு. எட்டாம் அதிகாரத்துல விக்கிரகம் ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சவங்களையும், அந்தத் தெளிவு இல்லாம நெருடலா இருக்கிறவங்களையும் ரெண்டு பேரையுமே மதிச்சுதான் பேசுறாரு. அதனால நம்ம சபைகள்லயே சாப்பிடுறவங்களும் உண்டு, சாப்பிடாதவங்களும் உண்டு, ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் நியாயம் தீர்க்காம இருந்தா போதும்.

ஆனா டஸ்ட்பின் மட்டும் கூடவே கூடாது. குப்பை எடுக்க வர்ற அக்கா அதே கீழ் வீட்டுக்கும் போறாங்க, ஞாபகம் வச்சுக்கோங்க. தேங்கா துருவி, வெல்லம் காய்ச்சி, கை சூட மாவு பிசைஞ்சு விடிகாலைல இருந்து நின்னு பண்ணினது அது. சாப்பிட முடியாதுன்னா வாங்கும்போதே சொல்லிடுங்க, "அக்கா, படைச்சது எங்க வீட்ல சாப்பிடறதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு. நம்ம ஊர்ல இது புதுசே இல்ல, எத்தனையோ வீடுகள்ல "உங்களுக்குன்னு படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சேன்"னு கொண்டு வந்து குடுப்பாங்க. அத மாமியாரும் சாப்பிடுவாங்க, பந்தயம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை எங்க வீட்ல ஜெபக் கூடுகை. கீபோர்டு, மைக், சின்ன ஸ்பீக்கர் வச்சிருக்கோம். மேல் வீட்டுக்காரர் போலீஸ்ல சொல்வேன்னு மிரட்டுறாரு. இது விசுவாசத்துக்காக நமக்கு வர்ற உபத்திரவம்தானே? – புளியந்தோப்பு

பதில்: இல்ல, இது சத்தம். 2000ல ஆகஸ்ட் மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, அதுவே நம்ம மாதவரம் ஹைரோடு கே.கே.ஆர். நகர் பக்கம் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபை வழக்குதான், டிரம்ஸ், கிட்டார், ஸ்பீக்கர் சத்தம்னு காலனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனது. அடுத்தவங்க நிம்மதியக் கெடுத்து, ஸ்பீக்கர் வச்சும் மேளம் அடிச்சும் ஜெபம் பண்ணுன்னு எந்த மதமும் சொல்லலன்னு தீர்ப்பு. குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கரே கூடாது. ஆடி மாசம் அம்மன் பாட்டு போடுறாங்களே, அத மட்டும் விடுறாங்களேன்னு கேப்பீங்க, சட்டம் அவங்களுக்கும் அதேதான், ஆனா நான் பதில் சொல்ல வேண்டியது உங்களுக்கு. பத்து பேர் உக்காந்திருக்கிற ஹால்ல மைக் எதுக்குங்க?

கேள்வி: எங்க தெருவுல ஒரு பையன், பிளஸ் ஒன் படிக்கிறான், 16 வயசு. என் மகன் கூட சர்ச்சுக்கு வந்து வந்து ரொம்ப உண்மையா விசுவாசத்துல வந்துட்டான். வீட்டுக்குத் தெரியாம ஞானஸ்நானம் எடுக்கணும்னு அழுகுறான். எங்க பாஸ்டரும் தயார்ங்கிறாரு. எஸ்.சி. சர்டிஃபிகேட்ல படிக்கிற பையன், அதனால ஏதாவது பிரச்சனை வருமான்னு ஒருத்தர் கேட்டாரு, எனக்குத் தெரியல. – ராயபுரம் வாசகர்

பதில்: அண்ணே, இந்தக் கேள்விக்கு நிறைய யோசிச்சேன், அதனால கொஞ்சம் நீளமா இருக்கும்.

முதல்ல ஞானஸ்நானம் இப்ப வேணாம், வீட்டுக்குத் தெரியாம வேணவே வேணாம். அவன் விசுவாசத்த நான் சந்தேகப்படல. 16 வயசுல வர்ற விசுவாசம் சில சமயம் நம்ம விசுவாசத்த விட சுத்தமா இருக்கும். ஆனா அவன் மைனர், பெத்தவங்க சோறு போட்டு ஃபீஸ் கட்டி வளக்குறாங்க, அவங்கள ஏமாத்தி எடுக்குற ஸ்நானம் அவனுக்கு ஆயுசு முழுக்க உறுத்தும். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ங்கிறது கிறிஸ்டியன் அப்பா அம்மாவுக்கு மட்டும்னு எழுதியிருக்கா என்ன?

சர்டிஃபிகேட் விஷயம். இத பாஸ்டர்ங்க பல பேரு சொல்றதே இல்ல, அதுதான் எனக்குக் கோவம். 1950ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி. அந்தஸ்து முதல்ல இந்துக்களுக்குத்தான் இருந்துச்சு, 1956ல சீக்கியர்களையும் 1990ல பௌத்தர்களையும் சேத்தாங்க. கிறிஸ்தவங்க அதுல இல்ல. தமிழ்நாட்டுல எஸ்.சி.ல இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறினவங்க பி.சி. பட்டியல்ல வருவாங்க. அதாவது அந்தப் பையன் நாளைக்கு காலேஜ் சீட்டுக்கும் வேலைக்கும் போட்டி போடப்போற வரிசையே மாறிடும், எஸ்.சி.ங்கிற முறைல கிடைக்கிற சட்டப் பாதுகாப்பும் கேள்வியாயிடும். சர்ச்சுக்குள்ள வந்தா சாதி போயிடுமான்னா, கல்லறைத் தோட்டத்துலயே தனித்தனி இடம் வச்சிருக்கிற ஊர்கள் நம்ம தமிழ்நாட்டுல இருந்திருக்கு, அதனால அந்தப் பேச்சு வேணாம். இது நியாயமான்னு பாக்குறதுக்கு 2022ல மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமைல கமிஷனே போட்டுச்சு. தலித் கிறிஸ்தவங்க பல வருஷமா இதுக்குப் போராடுறாங்க, எனக்கும் அது அநியாயம்னுதான் தோணுது. ஆனா அநியாயமா இருந்தாலும் இன்னைக்கு சட்டம் அதுதான், அதோட வெல அந்தப் பையன்தான் குடுக்கணும், பாஸ்டர் குடுக்கப் போறதில்ல. ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல பேர் ஏறினா அது ஒரு ஆவணம். எல்லாம் தெரிஞ்சு, 18 தாண்டி, அப்பா அம்மாகிட்ட நேருக்கு நேர் பேசி, அவன் எடுக்குற முடிவுன்னா அது அவன் முடிவு, அப்ப நீங்க கூட நில்லுங்க. சர்டிஃபிகேட்ட மறைச்சு வச்சிட்டு ரெண்டையும் வச்சுக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா அத மட்டும் காதுல வாங்க விடாதீங்க, வேலைக்குச் சேந்தப்புறம் கூட வந்து பிடிக்கும்.

அதுவரைக்கும்? அவன் ஆராதனைக்கு வரட்டும், ஆனா வீட்ல சொல்லிட்டு வரட்டும். நீங்க ஒரு நாள் அவங்க அப்பாவ போய்ப் பாருங்க, காசிமேட்டுல இருந்து நல்ல வஞ்சிரம் வந்த அன்னைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டுப் பேசுங்க. திட்டுவாரு. திட்டட்டும். பையன சர்ச்சுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டா உங்க மகன் அவன் வீட்டுக்குப் போய் கேரம் ஆடட்டும், சிநேகிதம் அப்படியே இருக்கட்டும். பாஸ்டர் அவசரப்பட்டார்னா நீங்க மூப்பர்கள் கூட்டத்துல எழுந்து கேளுங்க.

கேள்வி: நான் கிறிஸ்டியன் இல்ல, என் ஃப்ரெண்ட் வீட்ல உங்க பத்திரிகை படிப்பேன், சமையல் பக்கத்துக்காக. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி தங்கமானவங்க. 2015 வெள்ளத்துல எங்க கிரவுண்ட் ஃப்ளோர் முழுகினப்போ குழந்தையோட எங்கள அவங்க மாடி வீட்ல தங்க வச்சு சோறு போட்டவங்க. ஆனா எப்பப் பாத்தாலும் இயேசுவைப் பத்தின கைப்பிரதி குடுக்குறாங்க, குழந்தைக்கு ஜுரம்னா தலைல கை வச்சு சத்தமா ஜெபம் பண்றாங்க. என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கல. அவங்க மனசு நோகாம எப்படி நிறுத்தச் சொல்றது? – வேளச்சேரி வாசகி

பதில்: நேராவே சொல்லிடுங்கம்மா, சுத்தி வளைச்சா எங்க ஆளுங்களுக்குப் புரியாது, இன்னும் ரெண்டு கைப்பிரதி சேத்துக் குடுப்பாங்க. "ஆன்ட்டி, நீங்க எங்களுக்காக உங்க வீட்ல ஜெபம் பண்ணுங்க, அது எங்களுக்கு சந்தோஷம்தான். ஆனா குழந்தை தலைல கை வச்சு பண்றது வேணாம், அவருக்குப் பிடிக்கல, எனக்கும் கொஞ்சம் சங்கடமா இருக்கு"ன்னு. அவர் பேர மட்டும் சொல்லித் தப்பிக்காதீங்க, உங்களுக்கும் சங்கடம்னா அதையும் சொல்லுங்க, இல்லன்னா அவர் ஆஃபீஸ் போனதும் வந்து பண்ணுவாங்க. வெள்ளத்துல பண்ண உதவிய நினைச்சு வாய மூடிட்டு இருக்கணும்னு அவசியமில்ல, அந்த உதவி அப்படி ஒரு கடனா இருந்துச்சுன்னா அத ஆன்ட்டியே ஒத்துக்க மாட்டாங்க. அவங்களுக்கு முதல் ரெண்டு நாள் முகம் சுருங்கும், அப்புறம் சரியாயிடும். கைப்பிரதிய மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போடாம திருப்பிக் குடுத்துடுங்க, அது அவங்க கைக்காசு போட்டு வாங்கினதா இருக்கும், வேற யாருக்காவது குடுத்துப்பாங்க.